ஓடைக் கல்லுக்கும் வெள்ளை

செத்துக் கிடந்தது தொட்டி மீன் அல்ல, ஓடை மீன்.

காலை ஏழே கால் மணி. ஜெசிந்தினி டீச்சர் சின்னப் பாலத்தின் மேல் நின்று குனிந்து பார்த்தாள். கச்சான் காற்று தேயிலை மலையை வழித்துக்கொண்டு இறங்கியது. பாலத்தடி மடுவில், தண்ணீர் அசைகிறதா நிற்கிறதா என்று தெரியாத அந்த வறட்சி மாதத்தில், விரல் நீளத்துக்கு ஏதேதோ மிதந்தன. மரத்திலிருந்து இலை உதிர்ந்திருக்கிறது என்று நினைத்தாள். இலைக்கு வயிறு கிடையாது. இவற்றுக்கு இருந்தது. வெள்ளை வயிறு, வானத்தைப் பார்த்தபடி.

பத்தரை மணிக்கு விருந்தினர் வருகிறார்கள். கொழும்பிலிருந்து கம்பெனிப் பெரியவர்கள், தேயிலை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், பதுளையிலிருந்து கல்வி அதிகாரிகள். தரம் ஏழு பிள்ளைகள் பத்து மாதமாக வகுப்பறைத் தொட்டியில் வளர்த்த அறுபத்தொரு மீன்களை அவர்கள் கண் முன்னால் இதே மடுவில் விட வேண்டும். அதற்குத்தான் மேலே பந்தல், வாழை மரம், மைக் செட்.

விடிந்தும் விடியாமல் மடுவே செத்துக் கிடக்கிறது.

கீழே இறங்கினாள். படி வெள்ளை. படியோரக் கல் வெள்ளை. கரைக் கல் வெள்ளை. தண்ணீருக்குள் கழுத்து வரை அமிழ்ந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்த பாறைகளும் வெள்ளை. மடுவின் அடியில் மோர் ஊற்றிய மாதிரி ஒரு மங்கல். நேற்று வரைக்கும் பச்சைப் பாசி படர்ந்திருந்த இடத்தில் பாறையின் தோல் உரிந்து தெரிந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

தோட்டத்துக்குப் பெரிய ஆள் வருகிறார் என்றால் கல்லுக்கு வெள்ளையடிக்க வேண்டும். யார் போட்ட சட்டமோ, எந்தத் தாளிலும் இல்லை. ரோட்டோரக் கல், தேயிலை ஸ்டோர் வாசல் கல், கோயில் மேட்டுக் கல், எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகும். அதன் வாசல் கல் பளபளக்கும். மூன்று தலைமுறையாக இப்படித்தான்.

நேற்று மாலை அப்பா ஞானசீலன் தலைமுடியிலும் காது மடலிலும் சுண்ணாம்போடு வீட்டுக்கு வந்தார். ஐம்பத்தெட்டு வயசு. அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் ஜெசிந்தினி பார்த்து நாளாகியிருந்தது.

"ரோட்டோரம் மட்டும் அடிச்சாப் போதும்னாரு கணக்கப்பிள்ள. நான் விடுவேனா? எம்புள்ள விசேஷம். தண்ணிக்குள்ள இருக்க கல்லு வரைக்கும் அடிச்சிட்டோம் பாப்பா. பாசியெல்லாம் ப்ளீச்சிங் தூள் போட்டுத் தேய்ச்சாச்சு. சுண்ணாம்புப் பீப்பாவையும் அங்கனயே கழுவிட்டு வந்துட்டோம். காலையில பாரு, மடு கண்ணாடி மாதிரி இருக்கும்."

பிள்ளைகள் பேச வேண்டிய உரையை எழுதிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே, "சரிப்பா" என்றாள்.



*

அந்த மீனுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அல்ல பொட்டுக்காரி. கொழுந்து எடுக்கிற பெண்கள் ஓடையில் கால் கழுவும்போது வைத்தது. செவுளுக்குப் பக்கத்தில் குங்குமத்தை ஒற்றிய மாதிரி ஒரு சிவப்பு. சுண்டு விரல் நீளக் கெண்டை. பிடித்து ஆக்கினால் சட்டிக்குக் காணாது என்பதால் யாரும் அதைச் சீண்டவில்லை.

போன செப்டெம்பரில் றுஷ்தி வந்தார். பதுளைக்காரர், ஓடை ஓடையாக வலையும் கையுமாக அலைகிற ஓர் அமைப்பில் வேலை. கண்ணாடித் தொட்டி, காற்றுப் பம்பு, மீன் பிடிக்க அரசுத் திணைக்களம் கொடுத்த அனுமதிக் கடிதம், எல்லாவற்றையும் மடுல்சீமை பஸ்ஸில் ஏற்றி இறக்கி, கடைசி இரண்டு மைலுக்குக் கொழுந்து லொறியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். இந்த ஓடையின் மூன்று மைலை விட்டால் பொட்டுக்காரியை வேறெங்கும் தாங்கள் கண்டதில்லை என்று வகுப்பில் சொன்னார். பிள்ளைகள் நம்பவில்லை. தங்கள் தோட்டத்தில் என்னென்ன இல்லை என்றுதான் அதுவரைக்கும் வந்தவர்கள் ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள். வேறெங்கும் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவர்.

பன்னிரண்டு தாய் மீன்களோடு தொடங்கினார்கள். இட்ட முட்டையைத் தானே தின்கிற சாதி அது. அதனால் தொட்டியின் அடியில் கண்ணாடிப் போளைகளைப் பரப்பினார்கள்; முட்டை போளைகளின் இடுக்கில் விழுந்து தப்பித்தது. தங்கள் போளைகளைத் தானம் செய்த பையன்கள் அதன் பிறகு விளையாட இல்லாமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குஞ்சுக்கு அவித்த முட்டை மஞ்சள் கரு. கொஞ்சம் வளர்ந்ததும் கொசுப் புழு. கரண்ட் போனால் சைக்கிள் பம்பை எடுத்து முறை வைத்து அடித்தார்கள்.

கொசுப் புழுவால் ஒரு வம்பும் வந்தது. சுகாதாரப் பரிசோதகர் வந்து, பாடசாலைக்குப் பின்னால் வாளியில் புழு வளர்வதைக் கண்டு, டெங்கு வழக்குப் போடுவேன் என்று குதித்தார். பாடசாலை அதிபர் காலில் விழாத குறையாகச் சமாளித்தார். மறுநாள் பரிசோதகரே ஒரு பை நிறையக் கப்பி மீன் கொண்டுவந்து, லயத்துக்குப் பின்னால் போகும் கழிவுநீர்க் கானில் கொட்டிவிட்டுப் போனார். புழுவைத் தின்னட்டும் என்று.

அதைக் கேட்டு றுஷ்தியின் முகம் மாறியது. கப்பி எங்கிருந்தோ வந்த மீன், சாக்கடையிலும் பெருகும், ஓடைக்குள் நுழைந்தால் பொட்டுக்காரிக்கு முடிவுதான் என்றார். அன்றைக்கே பிள்ளைகள் கான் ஓடையில் விழுகிற வாயில் கல்லை அடுக்கி கொசு வலையைக் கட்டினார்கள். வாரம் ஒருமுறை குப்பை எடுத்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில் ஒரு தாள் தொங்கியது: "முதலாம் விதி: இந்த ஓடை மீன் மட்டுமே இந்த ஓடையில்."

எழுதியது நிஷாலினி. பன்னிரண்டு வயசு, மீன் கொப்பிக்குப் பொறுப்பு. எத்தனை பிறந்தது, எத்தனை செத்தது, யார் முறை, யார் முறையை ஏய்த்தார்கள், எல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கும். கையெழுத்து முத்து. வாய் மட்டும் கத்தி.

*

அந்த நிஷாலினிதான் இப்போது வெள்ளைப் படியில் வாளியோடு இறங்கி வந்தாள். விடுவதற்கு முன் ஓடைத் தண்ணீரைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தொட்டியில் கலந்து மீனைப் பழக்க வேண்டும் என்று றுஷ்தி சொல்லிக் கொடுத்திருந்தார்.

மடுவைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். சட்டைப்பையிலிருந்து தண்ணீரைச் சோதிக்கிற தாள் துண்டை எடுத்து நனைத்தாள். பச்சை வந்தால் நல்லது. வந்தது கருநீலம்.

"சுண்ணாம்பு டீச்சர்," என்றாள். பிறகு, குற்றம் சொல்கிற தொனியே இல்லாமல், "உங்கப்பாதான் அடிச்சாரு. எங்கப்பாவும் வாளி தூக்குனாரு."

மிதக்கிறவற்றை நிஷாலினி எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் நிறுத்திவிட்டாள்.

எட்டு மணிக்கு அதிபர் புவனேந்திரனின் அறை. வெள்ளைச் சட்டையும் டையுமாக வரவேற்புரையைப் பாடம் பண்ணிக்கொண்டிருந்தவர், விஷயத்தைக் கேட்டதும் டையைத் தளர்த்தினார். நிகழ்ச்சியைத் தள்ளிப் போடலாமா என்று ஜெசிந்தினி கேட்டாள். அவர் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். அங்கே பாடசாலையின் கழிவறை இருந்தது.

"இருநூத்திப் பதினாலு புள்ளைக்கு ரெண்டு டொய்லெட். ஒண்ணுக்குக் கதவு இல்ல. இன்னைக்கு மேடையில புதுசு எட்டு கட்டித் தர்றதா அறிவிக்கப் போறாங்க. மீன் விடலன்னா மேடை இல்ல."

"விட்டா எல்லாம் செத்துரும் சேர்."

"சாவுறது அவங்க போன பிறகுதானே."

சொல்லிவிட்டு அவரே வெட்கப்பட்டார். குரலைத் தணித்தார். வருகிறவர்கள் தேயிலைக்கு நற்சான்றிதழ் கொடுக்கிற ஆட்கள், ஓடை கெட்டிருக்கிறது என்று தெரிந்தால் தோட்டத்தை நடத்துகிற தொரையைப் பிடிப்பார்கள், தொரை யாரையாவது காட்டித்தான் தப்புவார் என்றார்.

"யாரைக் காட்டுவாருன்னு நான் சொல்லணுமா டீச்சர்?"

சொல்ல வேண்டியதில்லை. ஜெசிந்தினியின் அம்மா போய்ச் சேர்ந்து ஏழு வருடம். வீட்டில் தோட்டப் பெயரில் பதிந்த ஒரே ஆள் அப்பா. அவர்கள் குடியிருந்த லயத்துக் காம்பரா அவர் வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கதவும் போகும். ரோட்டோரம் மட்டும் என்று, வேலை வாங்குகிற கணக்கப்பிள்ளை சொன்னதற்குச் சாட்சி நாலு பேர். ஓடைக்குள் இறங்கியது அவராகவே செய்தது.

மகளுக்காகச் செய்தது.

அவள் கோயில் படிக்கட்டுக்கு ஏறினாள். போனில் சிக்னல் அங்கேதான் கிடைக்கும். அன்றைக்குப் பார்த்து அப்புத்தளைப் பக்கம் இன்னொரு பாடசாலையிலும் மீன் விடுகிற நிகழ்ச்சி. றுஷ்தி அங்கே போயிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இறங்கப் போனவளை அவர் அழைப்பு நிறுத்தியது. பின்னால் பிள்ளைகளின் சத்தம், பாட்டு.

"சொல்லுங்க டீச்சர். ஏதும் பிரச்சினையா?"

கீழே பந்தலில் அப்பா நாற்காலி துடைத்துக்கொண்டிருப்பது அங்கிருந்து தெரிந்தது. ஒவ்வொரு நாற்காலியையும் இரண்டு முறை.

"ஒண்ணுமில்ல சேர். எல்லாம் சரியா நடக்குது. சும்மாதான் எடுத்தேன்."

*

அந்தக் கோயில் படியிலேயேதான் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை மாதிரியே இருந்தது.

வருகிறவர்கள் யாரும் பொட்டுக்காரியைப் பார்த்ததில்லை. பைக்குள் சின்னதாக ஏதோ நீந்தினால் போதும். கானில் கப்பி நிறைய இருக்கிறது; அதற்கும் அங்கே இங்கே சிவப்பு உண்டு. பத்தரைக்குக் கப்பியை விடலாம். படம் எடுத்துக்கொண்டு போவார்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் மாலைக்குள் கப்பியும் செத்துப் போகும். அறுபத்தொன்றும் பத்திரமாக இருக்கும். மழை வந்து ஓடையைக் கழுவியதும் ஆரவாரமில்லாமல் விட்டுவிடலாம். அப்பாவின் பெயர் எங்கேயும் வராது. யாருக்கும் நட்டமில்லை.

ஒன்பது மணிக்கு வகுப்பறைக் கதவைச் சாத்தினாள். தொட்டி மீன்கள் பாடசாலைக் களஞ்சிய அறையின் நீலப் பீப்பாவுக்குப் போயின. ஆறு பிள்ளைகள் கப்பி பிடிக்கப் பழைய திரைச்சீலையோடு லயத்துப் பின்புறம் போக வேண்டும். சத்தம் போடக் கூடாது. இது இந்த ஒரு நாளைக்கு மட்டும்.

பிள்ளைகள் சுறுசுறுப்பானார்கள். களவு வேலை என்றால் யாருக்குத்தான் சோம்பல் வரும். நிஷாலினி மட்டும் அசையாமல் சுவரில் தொங்கிய தாளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"டீச்சர், முதலாம் விதி என்ன?"

"எனக்குத் தெரியும் நிஷாலினி."

"தெரிஞ்சாச் சரி," என்றாள். திரைச்சீலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே போனவளும் அவள்தான்.

விழா பிரமாதமாக நடந்தது. குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், எட்டுக் கழிவறைக்குக் கைதட்டல். வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி முழங்கால் வரை காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு வெள்ளைக் கல்லில் கால் வைத்து, ஒரு பிள்ளையின் கையைப் பிடித்தபடி பையைக் கவிழ்த்தாள். கமராக்கள் சொடுக்கின. பியூட்டிபுல், பியூட்டிபுல் என்றாள். காலையில் மிதந்தவற்றை நிஷாலினியும் ஜெசிந்தினியும் முன்னரே பொறுக்கிப் புதைத்துவிட்டிருந்தார்கள்.

ஓடைக்கரை இவ்வளவு சுத்தமாக இருப்பதைப் பார்த்து விருந்தாளிகள் பாராட்ட, தொரை யார் வேலை என்று கேட்டார். கணக்கப்பிள்ளை வாழை மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்ற ஞானசீலனை முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். தொரை கை நீட்டினார். நாற்பது வருட வேலையில் ஒரு தொரை அவருக்குக் கை கொடுத்தது அன்றைக்குத்தான். அவர் உள்ளங்கையை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினார். நகக்கண்ணில் இன்னும் சுண்ணாம்பு.

ஜெசிந்தினி கைதட்டினாள். கண் மட்டும் தண்ணீரில் இருந்தது. கப்பிகள் புரளும் என்று காத்திருந்தாள். இரண்டு புரண்டன. மற்றவை கரையோரமாக ஒதுங்கி, வாலை ஆட்டிக்கொண்டு, இடம் எப்படி என்று பார்க்க வந்த குடித்தனக்காரர்கள் மாதிரி சுற்றின.

மாலைக்குள் செத்துவிடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

அன்றிரவு சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "மீனெல்லாம் நல்லா இருக்கா பாப்பா?"

"நல்லா இருக்குப்பா."

*

கப்பிக்குச் சுண்ணாம்பு பிடிக்கும். அது அவளுக்குத் தெரியாது. விஞ்ஞான டீச்சருக்குத் தெரியாது. கழிவுநீர்க் கானில் பெருகுகிற மீன் எதைத்தான் தாங்காது என்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மூன்று மாதம் நீலப் பீப்பா இரகசியம் ஓடியது. பிள்ளைகள் முறை தவறவில்லை. விழாவுக்கு முன்னால் காட்டாத அக்கறையை இப்போது காட்டினார்கள். வெளியாட்கள் வந்தால் களஞ்சியக் கதவில் ஒருத்தன் சாய்ந்து நிற்பான். வீட்டில் கேட்டால் ஓடையில் விட்டாச்சு என்பார்கள். பொய் சொல்வதில் தரம் ஏழு அந்தத் தவணையில் நல்ல தேர்ச்சி. நிஷாலினியின் கொப்பியில் ஜூலைக்குப் பிறகு இரண்டு பக்கம். ஒன்று றுஷ்தி பார்க்க, ஒன்று உண்மை.

ஓடைக்கரையில் கம்பெனி ஒரு பலகை நட்டது. பொட்டுக்காரியின் பெரிய படம், மூன்று மொழியில் பாதுகாக்கப்பட்ட ஓடை என்ற எழுத்து. கழிவறைக்கு அத்திவாரம் மட்டும் வெட்டினார்கள். அதில் மழைத் தண்ணீர் நின்றதோடு சரி.

ஐப்பசி மழை வெளுத்து வாங்கியது. கல்லில் இருந்த வெள்ளை கரைந்தது, பாசி திரும்பியது, தாளை நனைத்தால் பச்சை. ஒரு சனிக்கிழமை ஜெசிந்தினி முதல் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள்.

மடுவின் ஓரமெல்லாம் எள்ளைக் கொட்டிய மாதிரி குஞ்சு. பொட்டுக்காரியின் குஞ்சு அல்ல. நூறா, ஆயிரமா, எண்ண முடியவில்லை. அவள் நிழல் விழுந்ததும் தண்ணீரே நகர்ந்தது.

பையை மூடிக்கொண்டு திரும்பினாள்.

ஒரு வாரம் பிள்ளைகளும் அவளும் திரைச்சீலை போட்டு இழுத்தார்கள். வாளி வாளியாக அள்ளினார்கள். அடுத்த வாரம் அதே கூட்டம். அதற்கடுத்த வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் றுஷ்தி வந்து இறங்கினார். தோளில் வலை. முகத்தில் கல்யாண வீட்டுக்கு வந்த சிரிப்பு.

"எத்தனை பிழைச்சிருக்குன்னு பார்ப்போமா?"

*

வகுப்பே ஓடைக்கு இறங்கியது. அன்றைக்குப் பலகையைச் சுற்றிப் புல் வெட்டுகிற வேலை ஞானசீலனுக்கு. றுஷ்தியைப் பார்த்ததும் கத்தியைப் போட்டுவிட்டு வணக்கம் வைத்தார்.

முதல் வலை கப்பி. இரண்டாவது வலை கப்பி. மேல் மடு, கீழ் மடு, பாறை இடுக்கு. றுஷ்தியின் சிரிப்பு வலைக்கு வலை குறைந்தது. பொட்டுக்காரி ஒன்று இல்லை. விட்ட அறுபத்தொன்றை விடுங்கள், ஏற்கெனவே இருந்ததும் இல்லை. குனிந்து ஒரு கல்லைப் புரட்டினார். மழை எட்டாத அடிப்பக்கத்தில் வெள்ளை ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினார்.

"இது யார் அடிச்சது?"

ஜெசிந்தினி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து பதில் வந்துவிட்டது.

"நான்தாங்க," என்றார் அப்பா. அந்தக் கை குலுக்கலின் பெருமை இன்னும் குரலில் இருந்தது. "விழாவுக்கு முந்தின நாளு. யாரும் சொல்லலீங்க, நானாத்தான் எறங்கி அடிச்சேன். நம்ம புள்ள விசேஷமாச்சே. தண்ணிக்குள்ள இருக்க கல்லு கூட விடலீங்க."

றுஷ்தி அவரைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஐயா, வெத்திலைக்குச் சுண்ணாம்பு கூடிப் போனா என்ன ஆகும்?"

"வாய் வெந்துருமுங்க."

"மீனுக்கு மூச்சு செவுள்லதான். அது வெந்துருக்கு."

அப்பா சிரித்தபடியே நின்றார். சிரிப்பு எப்போது போனது என்று சொல்ல முடியாது. முகத்தில் அது கிடந்த இடம் மட்டும் தெரிந்தது. மடுவைப் பார்த்தார், பலகையில் இருந்த படத்தைப் பார்த்தார், கடைசியில் மகளைப் பார்த்தார். நல்லா இருக்குப்பா என்று மூன்று மாதம் சொன்ன மகளை. அவள் தலையைக் குனிந்தாள். அவர் புல் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்.

யாருக்காக இத்தனையும் மறைத்தாளோ, அவருக்கு அது ஊர் நடுவில் உடைந்தது.

"சுண்ணாம்பு சரி," என்றார் றுஷ்தி. "கப்பி எப்படி வந்தது? கான் வாயில வலை கட்டியிருந்தீங்களே."

நாற்பது கண்கள் தரையைப் பார்த்தன. நிஷாலினி முன்னால் வந்தாள்.

"மழைக்கு வலை பிஞ்சிருச்சு சேர். நாங்க பாக்கல. வாங்க காட்டுறேன்."

தங்கு தடை இல்லை. கண் சிமிட்டவில்லை. ஜெசிந்தினி கூடவே போய்ப் பார்த்தாள். வலை திறந்து கிடந்தது உண்மைதான். ஆனால் மழை கிழித்தால் நூல் நூலாகத் தொங்கும். இது நேர்கோடு. மேலிருந்து கீழாக, பிளேடு பிடித்து வெட்டியது. நிஷாலினியின் வெட்டு, மீன் கொப்பிக்குக் கோடு போடுகிற அதே நேர்த்தி. பத்து மாதம் வாரா வாரம் குப்பை எடுத்துக் காத்த வலையை, டீச்சரைக் காப்பாற்றத் தன் கையாலேயே அறுத்திருக்கிறாள்.

றுஷ்தி குனிந்து அந்த விளிம்பை விரலால் தடவினார். அவருக்கும் தெரிந்துவிட்டது. நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தார்.

"அவ பொய் சொல்றா," என்றாள் ஜெசிந்தினி. "நான்தான் விட்டேன். உங்க மீன் பீப்பாவுல இருக்கு."

*

களஞ்சிய அறையில் றுஷ்தி டோர்ச் அடித்துப் பார்த்தார். ஐம்பத்தொன்பது. இரண்டு செத்திருந்தன. கேட்டதற்கெல்லாம் ஜெசிந்தினி பதில் சொன்னாள். அன்று போனில் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் அவர் கேட்கவில்லை.

இனி இந்த ஓடையில் விட முடியாது என்றார். முட்டையையும் குஞ்சையும் கப்பி மிச்சம் வைக்காது. ஓடையிலிருந்து கப்பியை ஒழித்த கதை அவர் கேள்விப்பட்டதில்லை. ஐம்பத்தொன்பதையும் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். தொட்டியையும் பம்பையும் வேறு பாடசாலைக்குக் கொடுக்க வேண்டிவரும், அது தன் கையில் இல்லை, வருத்தப்படாதீர்கள் என்றார்.

பிள்ளைகள் பையில் தண்ணீர் பிடித்தார்கள், காற்று ஊதினார்கள், றப்பர் வளையம் போட்டார்கள். எல்லாம் விழாவுக்காகப் படித்தது. இந்த முறை பைக்குள் பொட்டுக்காரியே இருந்தாள். படம் எடுக்க ஆள் இல்லை.

"அங்க ஓடை இருக்கா சேர்?" என்றான் ஒருவன்.

"தொட்டிதான்."

கொழுந்து லொறி வளைவு திரும்பியதும் நிஷாலினி கொப்பியைக் கொண்டுவந்து டீச்சரின் மேசையில் வைத்தாள். தானே முடித்துக் கோடு போட்டிருந்தாள். அவள் கோபம் எதற்கென்று ஜெசிந்தினிக்கு முதலில் விளங்கவில்லை.

"நான் நல்லாத்தானே சொன்னேன் டீச்சர். அவரு நம்பியிருப்பாரு. நீங்க ஏன் சொன்னீங்க?"

இதற்கு ஜெசிந்தினியிடம் பதில் இருந்தது. விதி, உண்மை, மனசாட்சி என்று ஒரு பாடம் முழுக்க இருந்தது. ஜூலை மாதம் ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு, சத்தம் போடக் கூடாது என்ற அதே வாயால் அதைச் சொல்ல வேண்டும். மேசையை ஒதுக்கினாள். மணி அடித்தது.

றுஷ்தியின் அறிக்கை தோட்டத்துக்கு வந்தது. தொரை படித்தார், மடித்தார். சான்றிதழ் ஏற்கெனவே கிடைத்துவிட்டதால் யாரையும் காட்டிக் கொடுக்க வேண்டிய அவசியம் வரவில்லை. ஞானசீலனுக்கு வேலை போகவில்லை. காம்பராவும் போகவில்லை. பயந்தது எதுவும் நடக்கவில்லை. வீட்டில் இரண்டு பேரும் பேசிக்கொள்வது மட்டும் குறைந்தது. மீனைப் பற்றி அவர் மறுபடி கேட்கவே இல்லை.

தை பிறந்ததும் மறுபடி ஒரு கூட்டம் வருகிறது என்றார்கள். பாதுகாக்கப்பட்ட ஓடையைப் பார்க்க. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வெள்ளையடிக்க ஞானசீலனைத்தான் போட்டார்கள். அவர் வேலைச் சுத்தம் எல்லோருக்கும் தெரியும். பாடசாலை இடைவேளையில் ஜெசிந்தினி மேட்டிலிருந்து பார்த்தாள். ரோட்டோரக் கல் ஒவ்வொன்றாக வெள்ளையாகிக்கொண்டே வந்து, பாலத்தடியில் நின்றது. அப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை மடித்தார். சுண்ணாம்பு தடவாமல் மடித்தார்.

கணக்கப்பிள்ளை வந்தார். போன தடவை மாதிரியே ஓடைக் கல்லுக்கும் அடித்துவிடு, நல்லா இருந்துச்சு என்றார்.

"வேணாமுங்க," என்றார் அப்பா. "கீழ யாரு இருக்கா, அழகு பாக்க."

கணக்கப்பிள்ளை அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வாளியை எடுத்து வேறொருத்தனிடம் கொடுத்தார்.